பட்டையைக் கழற்றாமல் எழுதிய அறிக்கை

திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த அண்ணன், கைக்குழந்தையாக மும்பைக்கு ரயிலேறி வந்து, எழுபத்தோராம் வயது வரை தாராவிக்காரராகவே வாழ்ந்தார். அப்பா மறைந்ததும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மாஹிமில் ஒரு டீசல் பட்டறையில் சேர்ந்தார். அதனால் நான் மாட்டுங்காவில் படிக்க முடிந்தது. வாகன ஆய்வாளராகி, கையில் கரி படாமல் வண்டிகளைப் பற்றி முப்பத்தைந்து ஆண்டுகள் எழுத முடிந்தது. பின்னர் அண்ணன் தாராவியில் சொந்தப் பட்டறை வைத்தார்.

அவருடைய பொறுமையைப் பற்றி இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது ஒரு வேனைப் பற்றி.

நான் ஓய்வுபெற்ற மாதம் அது. செம்பூர் முதலாளி ஒருவரின் டீசல் வேன் பட்டறைக்கு வந்தது. அதை மும்பைக்கு வெளியே, குளிர் கூடுதலான அம்பர்நாத்தில் தன் வீட்டருகே நிறுத்தி வைக்கும் ஓட்டுநர் சுடலை, குளிர்காலத்தில் விடியற்காலை வண்டி கிளம்ப அரை மணி ஆகிறது என்றார். தூங்கிவிட்டுக் கதை சொல்கிறார் என்று போனில் சொன்னார் முதலாளி. தாராவியின் நண்பகல் வெயிலில் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

அண்ணன் உதிரிபாகம் வாங்கப் போயிருந்தார். நான் சும்மா இருக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்குகளிலும் மீட்டர் வைத்தேன். நான்கும் சரி. பியூஸ் சரி, ரிலே சரி. ‘வண்டியில் பழுதில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். யாரும் கேட்காத அறிக்கை.

“இன்ஸ்பெக்டர் சாரே எழுதிட்டாரு. இனிமே சும்மா காலிபீலி கதை விடாத. சாவியக் குடு” என்று, சோதனை முடிந்த பிறகு வந்த முதலாளி சுடலையிடம் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். வேன் பட்டறையிலேயே நின்றது.

சுடலை பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “இந்த வெயில்ல எந்த வண்டிதான் சார் எடுக்காது?” என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

திரும்பி வந்த அண்ணன் அறிக்கையைப் படித்தார். “ஏலே, பட்டையக் கழத்துனியா?”

நான்கு பிளக்குகளையும் இணைத்து மின்சாரம் கொண்டுபோகும் உலோகப் பட்டையைத்தான் கேட்டார்.

“எதுக்குண்ணே? மீட்டர் நாலும் சரின்னுதான காட்டுச்சு?”

“காட்டத்தான் செய்யும். பட்டை கெடந்தா, நல்லாயிருக்க ஒண்ணு மத்த மூணுக்கும் சேத்துப் பதில் சொல்லிரும். முப்பத்தஞ்சு வருசமா என்னத்தலே சோதிச்ச?”

பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று பிளக்குகள் செத்துக் கிடந்தன.

அவற்றைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் சுடலையையும் கூட்டிக்கொண்டு செம்பூர் போனார். முறையாகத் திருத்த அறிக்கை தரலாம் என்று நான் தொடங்கியபோது, “நீ வாயத் தொறக்காத” என்றார். முதலாளியிடம் சொன்னார்: “மீட்டர் புடிச்சது நாந்தான். நான் சொன்னத நம்பித் தம்பி எழுதிட்டான். சுடலை மேல ஒரு தப்பும் இல்ல.”

சுடலைக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. முதலாளியின் வண்டிகள் அதன் பிறகு அண்ணனின் பட்டறைக்கு வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்று வழியில் கேட்டேன். “ரிட்டையராயி ஒரு மாசந்தான் ஆவுது. கையெழுத்தும் போச்சுன்னா ஒன்ட்ட வேற என்னலே இருக்கு? எனக்கு ஸ்பேனராவது இருக்கு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு வசதியாக இருந்ததால் அதோடு விட்டுவிட்டேன்.

கடைசி எட்டு மாதங்கள் அண்ணனை வாரம் மும்முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போன சுடலைக்கும், கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செம்பூர் முதலாளியும் வந்திருந்தார். “தங்கமான மனுஷன். அந்த ஒரு தடவைதான் கை தப்பிடுச்சு” என்று என் தோளைத் தொட்டார். நான் தலையாட்டினேன்.

இந்த முதலாண்டு நினைவு மலர் அவருக்கும் அனுப்பப்படுகிறது. ஐயா, அன்று மீட்டர் பிடித்தவன் நான். பட்டையைக் கழற்றாதவனும் நான். அண்ணன் உங்கள் வேனில் செய்தது, பழுதைக் கண்டுபிடித்தது மட்டுமே.