அப்பாவைப் பார்த்து "ஸ்டாப்"னு கத்துன நாள்

மெஷின் ஆயிலும் கடல்பாசியும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும் பாருங்க... ஸ்கூல் படிக்கிறப்ப ஞாயித்துக்கிழமை பூரா என் கையில அந்த வாசம்தான். சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் போகாது.

போர்ட் பிளேர்ல நாங்க போன ரைஃபிள் கிளப்பைத்தான் சொல்றேன். ஏர் ரைஃபிள்தாங்க, பயப்படாதீங்க! ஒரு தகர ஷெட்டு, குறுக்க ஒரு கயிறு, எதிர்ல பேப்பர் அட்டை டார்கெட். அவ்ளோதான் கிளப்பு. லம்பா லைன் ஏரியாவுல இருந்த எங்க வீட்டுலேர்ந்து சைக்கிள்ல போயிடுவேன்.

ஆனா ரூல்ஸ் இருக்கே... யப்பா!

காலையில முதல்ல கடற்கரைக்குப் போகணும். பாட்டில், அறுந்த வலை, ஒத்தச் செருப்புன்னு சாக்கு நிறைய பொறுக்கணும். சுனாமி மாக் டிரில் நடந்தா, வயசானவங்களக் கைபிடிச்சு மேட்டுக்குக் கூட்டிட்டுப் போறதும் நாங்கதான். இதுக்கெல்லாம் வராதவங்க அன்னைக்கு ரைஃபிளத் தொடவே கூடாது. "மேடம், தலைவலி..."ன்னு இழுத்தா, "டீக் ஹை, கர் ஜாவோ"ன்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க எங்களுக்குச் சுடக் கத்துக்கொடுத்த பெங்காலி மேடம்.

இன்னொரு ரூல். சுடுற நேரத்துல யாராவது கயிறத் தாண்டிட்டா, அதப் பார்த்தவங்க "ஸ்டாப்"னு கத்தணும். கத்துனது யாரா இருந்தாலும் சரி, மொத்தப் பேரும் ரைஃபிளக் கீழ வச்சிடணும்.

எங்கப்பாவுக்கு ஹேடோ வார்ஃபுல, அதான் கப்பல்ல சரக்கு ஏத்தி இறக்குற இடத்துல வேலை. கிரேன் சரக்கைத் தூக்குறப்ப அடியில ஆள் போகாம பார்த்துக்கணும். "அரே ஹட்டோ! தள்ளிப் போய்யா!"ன்னு கத்திக் கத்தியே வீட்டுக்கு வர்றப்ப தொண்டை கட்டியிருக்கும்.

அவருக்கு இந்த கிளப் சுத்தமா புடிக்கல. "மெயின்லேண்ட் போட்டிக்கு செலக்ட் ஆனா பார்ப்போம். இல்லேன்னா இதோட விட்டுட்டு டியூஷனுக்குப் போ"ன்னு கறாரா சொல்லிட்டாரு. மெயின்லேண்டுன்னா எங்க தீவுக்காரங்களுக்குக் கடல் தாண்டி இருக்குற இந்தியாப் பக்கம்.

செலக்‌ஷன் அன்னைக்கு முதல் தடவையா வந்தாரு. டூட்டி முடிஞ்சு அதே டிரஸ்ஸோட, ஓரமா நின்னாரு.

பொண்ணுங்கள்ல ஒருத்திக்குத்தான் இடம். நானும் என் ஃப்ரெண்ட் ஷபானாவும் சரிக்குச் சரி... கொஞ்சம் நான் முன்னாடி! கடைசி ஷாட். மூச்சைப் புடிச்சிருக்கேன். விரல் ட்ரிகர் மேல.

அந்த நேரம் பார்த்து ஒரு காத்து. பக்கத்து லேன் அட்டை பொத்துனு கீழ விழுந்துச்சு. எங்கப்பா என்ன பண்ணாரு தெரியுமா? புள்ளைங்களுக்கு உதவுவோமேன்னு கயிறுக்கு அடியில குனிஞ்சு உள்ள போயிட்டாரு!

ஊரையே தள்ளிப் போகச் சொல்ற மனுஷன்...

"ஸ்டாப்!"

அப்படி ஒரு சத்தம் எனக்குள்ள இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. வரிசையா எல்லா ரைஃபிளும் கீழ போச்சு. அப்பா கையில அட்டையோட, குனிஞ்சது குனிஞ்சபடியே நின்னுட்டாரு. "அப்பா, வெளிய வாங்க!"ன்னேன். தலையத் தொங்கப் போட்டுட்டு வந்தாரு.

மேடம் என் தோளத் தட்டி, "அவசரமே இல்ல, மெதுவா சுடு"ன்னாங்க. எங்க சுடுறது? நான் மட்டும் பார்க்காம இருந்திருந்தா... அந்த நெனப்புலயே ஷாட் ஓரத்துக்குப் போயிடுச்சு.

ஷபானா செலக்ட் ஆனா. அவளக் கட்டிப்புடிச்சு வாழ்த்திட்டு, பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன். போட்டியும் போச்சு, கிளப்பும் போச்சு.

அப்பா ஸ்கூட்டர்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. வண்டிய நிறுத்திட்டு, திரும்பாமலே சொன்னாரு.

"வார்ஃபுல நான் கத்துனா பாதிப் பேரு நிப்பான், பாதிப் பேரு காதுலயே வாங்க மாட்டான். நீ ஒரு தடவ கத்துன... மொத்த ஷெட்டும் நின்னுச்சேம்மா."

சாவிய உருவிப் பாக்கெட்ல போட்டாரு.

"அடுத்த வாரமும் போ. குப்ப பொறுக்க நானும் வர்றேன்."

வந்தாரு. அதுக்கப்புறம் லீவு கிடைச்ச ஞாயிறெல்லாம் வந்தாரு.

இப்ப அங்க கம்பி கேட்டு, சிவப்பு லைட்டு, எலக்ட்ரானிக் டார்கெட் எல்லாம் வந்தாச்சு. யாரும் முன்னாடி போய் அட்டை மாட்ட வேண்டியதில்ல. இன்னைக்குப் புள்ளைங்களுக்கு நிறைய வசதி, நல்லா இருக்கட்டும். நான் மெயின்லேண்ட் போட்டிக்குக் கடைசி வரைக்கும் போகவே இல்ல.

அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு. போன வாரம் டீக்கடையில யாரோ, "உங்க பொண்ணு ரைஃபிள் கிளப்ல இருந்தாளாமே, எத்தன மெடல் வாங்குனா?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்ன எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்பா டம்ளரக் கீழ வச்சாரு.

"மெடலா? பெத்த அப்பனா இருந்தாலும் தப்புன்னா நிறுத்துவா சார், என் பொண்ணு."