சாட்சிக்காரர் வீடு வாங்கிய கதை

பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. சாட்சிக்காரர் என்றால்தான் தெரியும். வீடு வாங்க வருகிறவர்கள் இரண்டு சாட்சி வேண்டிய இடத்துக்கு ஒருவரைக் கூட்டிவந்து முழிப்பார்கள். கடைக்கு மேல் மாடி ஜன்னலிலிருந்து பத்திர எழுத்தர் கைதட்டுவார். இவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கடைசிப் பக்கத்தின் அடியில் பெயர், விலாசம், கையெழுத்து போட்டுவிட்டு வருவார். மேலே எழுதியிருப்பதை ஒரு நாளும் படித்ததில்லை. படித்தால் வயிறு எரியும் என்பார்.

எரியாமல் என்ன செய்யும்? கல்யாணமான நாளிலிருந்து மனிதர் வாடகை வீட்டில் இருக்கிறார். "ஊரார் வீட்டுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு, நம்ம வீட்டுக்கு எப்போ?" என்று மனைவி கேட்காத நாளில்லை.

கடைசியில் குடியிருந்த வீடே விலைக்கு வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் அதே வீட்டு மாடியில் இருந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். மகனோடு போய்த் தங்குவதற்காக விற்கச் சம்மதித்தார். வாய்தான் சம்மதித்தது, மனசு எங்கே சம்மதித்தது? மறைந்த மனைவியோடு பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடாயிற்றே. இரண்டு தடவை பத்திர எழுத்தரின் படிக்கட்டு வரை வந்து, தலை சுற்றுகிறது என்று திரும்பிவிட்டார். இந்தத் தடவையும் நடக்காவிட்டால் வெளியாளைப் பார்க்கிறேன் என்று மகன் போனில் சொல்லிவிட்டான். வெளியாள் வந்தால் சாட்சிக்காரர் குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூன்றாம் தடவை மாஸ்டர் மாடியேறி வந்தேவிட்டார். பெருமூச்சு விட்டுக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பத்திரம் சாட்சிக்காரரிடம் வந்தது. அவர் கை பழகிய மாடு மாதிரி நேராகக் கடைசிப் பக்கத்தின் அடிக்குப் போனது. பெயர், விலாசம், கையெழுத்து.

பத்திர எழுத்தர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யோவ், வாங்குறவரே சாட்சி போட்டா செல்லாதுய்யா. இந்தப் பக்கத்தைப் புதுசா அடிக்கணும். மாஸ்டரும் மறுபடி போடணும்."

"கை தானாப் போயிடுச்சு," என்றார் சாட்சிக்காரர்.

நிஜச் சாட்சிகளில் ஒருவனாக வந்திருந்த மைத்துனன் விடுவானா? "அப்ப வீட்டை நான் வாங்கிக்கட்டுமா மச்சான்?" என்றான்.

பிரிண்டரும் நேரம் பார்த்துக் காகிதத்தைக் கடித்துக்கொண்டது. மாஸ்டர் பேனாவை மூடினார். "என்னமோ தடங்கலாவே இருக்கு. வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வரட்டுமா?"

அப்போது பார்த்து, கூட வந்திருந்த சாட்சிக்காரரின் மனைவி வாயைத் திறந்தாள்.

"யோசிங்க சார். யோசிச்சுக்கிட்டே அந்த பாத்ரூம் கதவையும் பாருங்க. எத்தனை வருஷமாச் சொல்றேன், சாத்தவே மாட்டேங்குது. சமையலறைச் சுவர்ல ஓதம். மோட்டார் போட்டா வீடே அதிருது. வாடகை மட்டும் கரெக்டா வாங்குறீங்கல்ல, நாளைக்கே ஆள் அனுப்பணும்."

இந்த நேரத்திலா இதெல்லாம் என்று சாட்சிக்காரர் கையைப் பிசைந்தார். அவள் பார்க்கவே இல்லை. சாக்கடை அடைப்புக்குப் போய், அங்கிருந்து ஒழுகும் தொட்டிக்குப் போனாள். மாஸ்டரின் காது சிவந்தது.

"அம்மா, போதும். இனிமே அதெல்லாம் உங்க தலைவலி. எங்கேய்யா அந்தப் பக்கம்?"

சூடு ஆறாத காகிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்காரரின் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார் பத்திர எழுத்தர். எதிர் அலுவலகத்தில் பதிவும் முடிந்தது.

வெளியே வந்து விரல் மையைத் துடைத்தபடி மாஸ்டர் கேட்டார்: "இவ்வளவு ஓட்டை வீட்டை எதுக்கும்மா வாங்குனீங்க?"

"ஓட்டை வீடா?" என்றாள் அவள். "என் பிள்ளைங்க ரெண்டும் அந்தச் சுவரைப் பிடிச்சுத்தான் சார் நடந்தாங்க. மழை பெய்யறப்ப முன்னறை ஜன்னல்கிட்ட உக்காந்தா எழுந்திருக்கவே தோணாது. அந்த இடத்துல ஜன்னல் வைக்கணும்னு உங்க வீட்டம்மாவுக்கு எப்படித்தான் தோணுச்சோன்னு தினமும் நினைப்பேன்."

சாட்சிக்காரர் மனைவியை ஆளே புதிது போலப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவளுக்கு அந்த வீட்டைக் கண்டாலே ஆகாது என்றுதான் நினைத்திருந்தார்.

மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது. "இதை ஒரு நாள்கூடச் சொல்லலையேம்மா."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?"

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாட்டேன்," என்றார்.