கரண்ட் இல்லாதபோது இரைந்த மோட்டார்

“படிச்ச பொண்ணுன்னு வேலைக்கு வெச்சா, மோட்டாருக்குப் பேய் ஓட்டறியாம்மா?” என்று பட்டறை முதலாளி ராஜண்ணா கேட்டார். பேய் பிசாசில் எனக்கும் அதுவரை நம்பிக்கை கிடையாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், மின்பொறியியல் முடித்தவள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

எங்களுடையது அடுகோடிப் பேட்டையில், கருகிய மோட்டார்களுக்குப் புதுக்கம்பி சுற்றிக்கொடுக்கும் பட்டறை. ஊருக்கு வெளியே ஆனேக்கல்லில் ஒரு பெயின்ட் கம்பெனியின் புகையை வெளியே இழுக்கும் விசிறி மோட்டார் கருகி வந்திருந்தது. அது நின்றபோது உள்ளே வேலை செய்த பெண்கள் மூச்சுத்திணறி வெளியே ஓடிவந்தார்களாம்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் டிரைவில் ஓடும் மோட்டார் அது. டிரைவ் மின்சாரத்தைச் சீராக விடாது, சாட்டையடி மாதிரி விட்டுவிட்டு அடிக்கும். கேபிள் நீளமானால் அந்த அடி மோட்டாரில் ஏறக்குறைய இரட்டிப்பாக விழும். கம்பியின் முதல் சில சுற்றுகளில் இருக்கும் பூச்சு மெல்ல அரித்து, வெள்ளைப் பொடியாகி, ஒருநாள் கருகிவிடும்.

புதுக்கம்பியை நானே சுற்றினேன். வார்னிஷ் காய்ந்தது, சோதனையும் சரி. ஆயுதபூஜையன்று மற்ற யந்திரங்களோடு அதற்கும் விபூதி பூசினோம்.

மறுநாள் பகலில் தெருவுக்கே கரண்ட் இல்லை, எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நம்பினால் நம்புங்கள், எதிலும் இணைக்காமல் மரக்கட்டைமேல் கிடந்த அந்த மோட்டார் ‘உஸ்ஸ்’ என்று இரைந்தது. கிட்டே போனேன், கையில் முடி எழுந்து நின்றது, இடி விழுந்த இடத்து வாசனை. கரண்ட் வந்ததும் அடங்கிவிட்டது.

டார்ச் அடித்தால், முதல் சுற்றுகளில் வெள்ளைப் பொடி.

“பூஜை விபூதிம்மா, பூசும்போது சிந்தியிருக்கும்” என்றார் ராஜண்ணா.

“தொடைச்சா போகணும்ல அண்ணா? இது வார்னிஷுக்கு அடியில இருக்கு.”

அவர் விரலால் தேய்த்தார். போகவில்லை. குரலும் இறங்கிவிட்டது. “டெஸ்ட்ல பாஸ்தானே? சாயங்காலம் வண்டி வருது, அனுப்பிடு. இல்லன்னா உன் வேலைக்கு நான் கேரண்டி இல்ல.”

மாதக்கணக்கில் டிரைவில் ஓடினால்தான் வரும் பொடி, ஒரு நொடிகூட டிரைவில் ஓடாத கம்பியில் எப்படி வந்தது? இன்றுவரை தெரியாது. பழைய கம்பி கருகியிருந்ததும் சரியாக அதே இடத்தில்தான்.

வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது, நான் சுற்றிய கம்பி முழுவதையும் நானே வெட்டிப்போட்டிருந்தேன்.