பன்னிரண்டு வரை எண்ணத் தெரிந்தவன்

ஷிமெலிஸுக்கு விருது கொடுக்கிறார்கள். எங்கள் நாட்டின் பதின்மூன்று மாதங்களையும் பிசகாமல் படிக்கிற கணினி லைப்ரரி ஒன்று எழுதியதற்காக. விழா மலருக்கு அவனுடைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார்கள். அவன் பக்கத்து மேசையில் ஆறு வருடமாக உட்கார்ந்து ஊழியர் விவரங்களைத் தட்டிக்கொண்டிருப்பவள் நான்தானாம், எனக்குத்தான் எல்லாம் தெரியுமாம். தெரியும்தான். எழுதியும் விட்டேன். இதை அவர்கள் அச்சடித்தால் என் பெயர் லக்கெச் இல்லை.

ஷிமெலிஸ் தெஸ்ஸி ஊர்த் தையல்காரர் மகன். அப்பா நாள் முழுக்க அளவு நாடாவோடு திரிந்ததைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, பிள்ளைக்கு எதையும் கட்டம் போட்டுத்தான் பார்க்க வரும். அடிஸ் அபாபாவுக்குப் படிக்க வந்தான், கணினி படித்தான், எங்கள் அரசு அலுவலகத்தில் சேர்ந்தான். முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அவன் அம்மா பார்த்த பெண்களையெல்லாம் கணினியில் கட்டம் கட்டமான ஒரு ஷீட்டில் ஏற்றி, பிடித்தவளுக்குப் பச்சை, பிடிக்காதவளுக்குச் சிவப்பு என்று நிறம் போட்டு வைத்திருந்தான். ஒருத்தி தற்செயலாக அதைப் பார்த்துவிட்டாள். பச்சையில்தான் இருந்தாள், ஆனாலும் எழுந்து போய்விட்டாள். நல்ல பெண், பிழைத்தாள்.

அவன் கோட்டு போட்டால் சட்டையில் முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டிருப்பான். கேட்டால் அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தான்.

“உள்ள இருக்கறது வேற, வெளிய தெரியறது வேற, லக்கெச். ஷீட்டுல ஒரு கட்டத்தை எடுத்துக்கோங்க. உள்ள இருபதாயிரத்துச் சொச்சம்னு ஒரு எண்ணு கிடக்கும். வெளிய பார்த்தா அது தேதியா தெரியும். எப்படிக் காட்டச் சொல்றமோ அப்படிக் காட்டும். உள்ள இருக்கறது மாறாது.”

“அப்ப முதுகுப் பக்கம் கசங்கியிருக்கறது?”

“அது மதிப்பு. முன்பக்கம் காட்சி.”

இந்த மாதிரி ஆளிடம்தான் எங்கள் ஆயிரத்து இருநூறு பேருடைய பிறந்த தேதிகளும் போய்ச் சேர்ந்தன. காகிதப் பதிவேடுகளை எல்லாம் ஷீட்டில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நான் தட்டினேன். நான் தட்டியதைப் படித்து, யாருக்கு எப்போது ஓய்வு என்று சொல்ல அவன் ஒரு லைப்ரரி எழுதினான். லைப்ரரி என்றால் வேறொன்றுமில்லை, மற்ற நிரல்கள் தேவைப்படும்போது எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள எழுதி வைத்த நிரல் மூட்டை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் நாளை முன்னே எழுதுவோம், மாதத்தைப் பின்னே எழுதுவோம். ஷீட்டோ அந்நிய தேசத்துச் சரக்கு, மாதம்தான் முன்னே வரும் என்று அது நம்பிக்கொண்டிருக்கும். நாலாம் மாதம் பத்தாம் நாளை நான் 10/4 என்று தட்டினால், பத்தாம் மாதம் நாலாம் நாள் என்று எடுத்துக்கொண்டு உள்ளே ஒரு எண்ணாக மாற்றிப் பூட்டிவிடும். ஷிமெலிஸ் இதைக் கண்டுபிடித்துவிட்டான், அதற்கு நான் பாராட்டத்தான் வேண்டும். தலைகீழாகப் போன தேதியை அவன் லைப்ரரி பிடித்து மறுபடி நிமிர்த்தி, எங்கள் நாட்காட்டிப்படி வாசித்துவிடும். எங்கள் இயக்குநர் ஆத்தோ தெஸ்ஸெமா பூரித்துப்போய், “பிழையே இல்லாதது” என்று சான்றிதழ் எழுதி, முத்திரை குத்தி, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். அதோடு சேர்த்து எங்கள் வயிற்றெரிச்சலையும் அனுப்பியிருக்கலாம்.

மூன்றாம் வாரம் ஃபந்தாயெ என் மேசைக்கு வந்தாள். கோப்பறையைப் பார்த்துக்கொள்கிறவள். இருபத்தாறு வருடமாக இந்த அலுவலகத்தின் ஒவ்வொரு காகிதமும் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். மூத்தவள் ஹவாஸாவில் நர்ஸ் படிப்பு, இளையவள் பத்தாவது. வீட்டில் அடுப்பு எரிவது இவள் வேலையில்தான். கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

“லக்கெச், எனக்கு அறுபது ஆயிடுச்சாம்டீ.”

“யாரு சொன்னா?”

“இந்தக் கடுதாசி. கின்போத் மாசம் அஞ்சாந்தேதியோட வீட்டுக்குப் போகலாமாம். மூணு மாசம் இருக்கு.”

“உனக்கு ஐம்பத்தொண்ணுதானே?”

“நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.”

சிரித்தாள். அந்தத் தேதியைத் தட்டியது நான்தானே. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஃபந்தாயெ பிறந்தது 1958ஆம் வருடம் பகுமெ ஐந்து. பகுமெ எங்கள் பதின்மூன்றாவது மாதம். ஐந்தே நாள் இருக்கும் குட்டி மாதம், நாலு வருடத்துக்கு ஒரு முறை ஆறு. நான் 5/13/1958 என்று சரியாகத்தான் தட்டியிருந்தேன்.

ஷிமெலிஸ் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“உள்ள 21318 இருக்கு. வெளிநாட்டுக் கணக்குல 1958 மே பதிமூணு. கணக்கு சரி. அக்காவுக்கு அறுபது.”

“அடப்பாவி, அவ பகுமெயில பொறந்தவடா!”

“நீங்க தட்டினது தப்பா இருக்கும், லக்கெச். லைப்ரரி கட்டத்துல இருக்கறதைத்தான் படிக்கும்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவனை என்னவெல்லாம் திட்டினேன் என்பதை விழா மலரில் எழுத முடியாது. ஃபந்தாயெ திட்டவில்லை. கோப்பறைக்குப் போனாள், பகுமெயில் பிறந்த மற்ற நாலு பேருடைய கோப்புகளையும் எடுத்து வந்து அவன் மேசையில் அடுக்கினாள்.

“இந்த அஞ்சு பேருக்கும் உன் பெட்டி என்ன வயசு சொல்லுதுன்னு பாரு தம்பி.”

பார்த்தான். ஐந்து பேரும் எட்டு வருடத்துக்கு மேல் கிழடாகியிருந்தார்கள். எங்கள் 1958 வெளிநாட்டுக்காரனுக்கு 1966. எங்கள் தேதியை அவன் தேதி என்று வாசித்தால் எட்டு வருட ஆயுசு அப்படியே போய்விடும். ஷிமெலிஸ் நிரலைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினான். ஓரிடத்தில் நின்றான். காது சிவந்தது. நிமிர்த்திய பிறகு மாதம் பன்னிரண்டைத் தாண்டினால் அது நம் தேதியே இல்லை, வெளிநாட்டுத் தேதி, அப்படியே விட்டுவிடு என்று அவனே எழுதி வைத்திருந்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு சுற்றுலாப் படம் தொங்குகிறது. வருடத்தில் பதின்மூன்று மாதமும் வெயில் அடிக்கும் நாடு இது, வாருங்கள் என்று வெள்ளைக்காரனைக் கூப்பிடுகிற படம். ஆறு வருடமாக அதில் தலை சாய்த்துக்கொண்டுதான் ஐயா யோசிக்கிறார். படத்தில் அவன் தலையெண்ணெய்க் கறை கூட இருக்கிறது.

“உலகத்துல பொதுவா பன்னெண்டு மாசம்தான் அக்கா,” என்றான் மெதுவாக.

“நீ உலகத்துலயா பொறந்த? தெஸ்ஸியில பொறந்த,” என்றாள் ஃபந்தாயெ.

திருத்திவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். ஆத்தோ தெஸ்ஸெமா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“பிழையே இல்லைன்னு எழுதி மேல அனுப்பியாச்சு. இப்பத் திருத்தினா பிழை இருந்ததுன்னு ஆகும். பிழை இருந்ததுன்னா நான் பொய் எழுதினேன்னு ஆகும். நான் பொய் எழுதுவேனா?”

“மாட்டீங்க ஐயா,” என்றான் ஷிமெலிஸ்.

“அப்ப பிழை இல்லை. அந்தக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் சரியாத் தெரியற மாதிரி பண்ணு.”

பண்ணினான். அவனுக்குப் பிடித்த வேலையாயிற்றே! உள்ளே எந்த எண் இருந்தாலும் வெளியே ‘பகுமெ 5, 1958’ என்று காட்டும்படி அந்தக் கட்டத்துக்கு ஒரு வேஷம் கட்டினான். பின்னணிக்கு இளம்பச்சை வேறு. இயக்குநர் திரையைத் தடவிப் பார்த்து, “இப்பப் பாரு, எவ்வளவு அழகா இருக்கு,” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு எல்லோரும் மக்கியாட்டோ காப்பி குடிக்கப் போனார்கள்.

கடிதத்தில் தேதி வேஷத்திலிருந்து வரும், ஆனால் வயதைக் கணக்கிடுகிற நிரல் வேஷத்தைப் பார்க்காது. அதற்கு உள்ளே இருக்கும் 21318தான் தெரியும். ஒரு மாதத்தில் ஃபந்தாயெவுக்கு இரண்டாவது கடிதம் வந்தது. பிறந்த தேதி என்ற இடத்தில் பகுமெ 5, 1958 என்று சரியாகப் போட்டு, அதற்குக் கீழேயே வயது அறுபது என்றும் போட்டிருந்தது. மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு வரவா என்று போன் பண்ணிக் கேட்டாளாம். அன்றைக்கு ஃபந்தாயெ மதியம் சாப்பிடவில்லை.

“சரியாத்தானே காட்டுது, அப்புறம் என்ன?” என்றார் ஆத்தோ தெஸ்ஸெமா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையிலிருந்த முத்திரைக் கட்டையை அவர் வழுக்கையிலேயே குத்தியிருப்பேன்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். லைப்ரரியைத் தொட வேண்டாம், ஆளைத் தொடலாம். பகுமெயில் பிறந்தவர்கள் எல்லோரும் அதற்கு முந்தின மாதமான நெஹாசேயின் கடைசி நாளில், முப்பதாம் தேதி, பிறந்ததாக ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். ஒரு சில நாள்தானே வித்தியாசம், யாருக்கு என்ன நஷ்டம் என்றார். படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: பிறந்த தேதியைப் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான் திருத்தலாம். ஃபந்தாயெ அதையும் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

“எங்கம்மா வருஷத்தோட கடைசி நாள்ல, மறுநாள் புதுவருஷத்துக்கு மாவு கரைச்சு வச்சிட்டு என்னைப் பெத்தா, லக்கெச். அந்த மாவுல எங்க சித்திதான் இன்ஜெரா சுட்டாளாம். இப்ப அந்த நாள் இல்லைன்னு நான் எழுதிக் கொடுக்கணும்.”

“எழுதாதே. சண்டை போடலாம்.”

“நீ போடு. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு.”

படிவத்தில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பாவிட்டால் லைப்ரரி அந்த வரிசையையே தள்ளிவிடும். ஃபந்தாயெ பேனாவை வைத்துக்கொண்டு ஷிமெலிஸைக் கூப்பிட்டாள்.

“தம்பி, இந்தக் கட்டத்துல என்ன எழுதினாலும் உன் பெட்டி ஏத்துக்குமா?”

“எழுத்துன்னா ஒண்ணும் செய்யாது அக்கா. அப்படியே வச்சுக்கும், அப்படியே காட்டும்.”

ஃபந்தாயெ முத்து முத்தாக எழுதினாள்: ‘ஷிமெலிஸுக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாததால்.’ கையெழுத்துப் போட்டாள். பின்னால் நின்ற நாலு பேரும், காரணம் என்ன எழுதுவது என்று தெரியாமல் முழித்தவர்கள், அவளுடையதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். ஆத்தோ தெஸ்ஸெமா எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சரித்திரம் கிடையாது. நான் ஒரு எழுத்து பிசகாமல் ஷீட்டில் ஏற்றினேன். ஃபந்தாயெவுக்கு வேலை நிலைத்தது.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கூடத்தில் திரை கட்டி, அந்த வருடத்தில் செய்த திருத்தங்களின் பட்டியலை ஷிமெலிஸ் காட்டினான். பட்டியலில் ஐந்தே வரிதான். ஐந்திலும் காரணம் ஒன்றுதான். அதைப் பெரிய எழுத்தில், நடுவில் நிறுத்தி, இளம்பச்சைப் பின்னணியில் அவனுடைய லைப்ரரியே அழகுபடுத்திக் காட்டியது. முதல் வரிசையில் ஒரு அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு கூடமே சிரித்தது. ஆத்தோ தெஸ்ஸெமா மட்டும் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் காலை ஷிமெலிஸ் நிரலைத் திறந்து, பன்னிரண்டு என்று இருந்ததைப் பதின்மூன்று ஆக்கினான். பக்கத்தில் இருந்து நேரம் பார்த்தேன். பதினோரு நிமிடம் ஆனது. அதில் ஏழு நிமிடம் கணினி எழுந்திருக்க ஆனது. பதின்மூன்று மாதமும் அறிந்த லைப்ரரி என்று புதுச் சான்றிதழ் தயாரானது, புது முத்திரை விழுந்தது. விருது வந்த வழி அதுதான். ஃபந்தாயெவின் பிறந்தநாளையும் மற்ற நால்வரின் பிறந்தநாட்களையும் திருப்பிக் கேட்டு நான் மனுப் போட்டேன். ஒரு முறை திருத்தியாகிவிட்டது, விதியில் இடமில்லை என்று பதில் வந்தது.

நிரலைத் திருத்திய அன்று மதியம் நாங்கள் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஷிமெலிஸ் வந்து நின்றான். கோட்டு இல்லை, சட்டை முதுகுப் பக்கம் கசங்கிக் கிடந்தது.

“அக்கா, இப்பப் பதிமூணு வரைக்கும் எண்ணும். உங்க பழைய தேதியைக் கொடுத்துப் பார்த்தேன். சரியா ஐம்பத்தொண்ணு சொல்லுது.” கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “என்னை மன்னிச்சிருங்க அக்கா.”

ஃபந்தாயெ நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். இன்ஜெராவைப் பிய்த்து, ஷிரோக் குழம்பில் தோய்த்து உருட்டி, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அப்படி ஊட்டுவதை வேண்டாம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. அவன் வாயைத் திறந்தான்.

“உன் பெட்டி தேறிடுச்சு, சந்தோஷம் தம்பி,” என்றாள். “ஆனா பகுமெயில பொறந்த ஃபந்தாயென்னு இங்க யாரும் வேலை பார்க்கலையே.”