மாரியாயி கொண்டுவந்த பானகம்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். எனக்குப் போன மாதம் அந்தத் தரிசனம் கிடைத்தது.

என் மனைவியின் தங்கை கமலம், குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் புருஷனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார்கள். ஒரே மகள். பெயர் வைத்தது என்னவோ பெரிய பெயர்தான், கூப்பிடுவது பாப்பா. அந்தப் பாப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று ஆள் வந்து சொன்னான். தெங்கேராவில் இருக்கும் என் சைக்கிள் கடையைச் சாத்திவிட்டு, இருந்ததிலேயே நல்ல சைக்கிளாக ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அது ரிப்பேருக்கு வந்த சைக்கிள். சொந்தக்காரர் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்... கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

பலகைச் சுவர், தகரக் கூரை. கட்டிலுக்குக் கட்டில் ஒரு முழம் கூட இடைவெளி கிடையாது. சில கட்டில்களில் இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு மலேரியா, பக்கத்தில் படுத்திருப்பதற்குச் சீதபேதி, அதற்கு அடுத்தது கக்குவான் இருமலில் வளைந்து நிமிர்கிறது. காய்ச்சல் விட்ட பிள்ளைகள் எல்லாம் கீழே ஒரே பாயில் உட்கார்ந்து விளையாடுகின்றன.

ரப்பர்க் கன்று நடும்போது கயிறு பிடித்து அளந்து, மரத்துக்கு மரம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று பார்க்கத் தெரிந்த தோட்டம் அது. பிள்ளைகளுக்கு மட்டும் இடம் அளக்க யாருக்கும் கயிறு அகப்படவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை டவுனிலிருந்து காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸர்தான் எல்லாம். கறுத்த, கனத்த மனிதர். முன்கோபி. அவர் போட்டிருந்த சட்டம் இது: ஒரு பிள்ளைக்கு ஒரு தாய்தான் உள்ளே இருக்கலாம், மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வேறு பிள்ளைகளை அழைத்து வரவே கூடாது. லயத்து ஜனங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கல்நெஞ்சன்.

நான் சைக்கிளோடு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பாப்பா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் இடுங்கி, வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. ஆனாலும் சிரித்தாள். "பெரியப்பா, மணி அடிங்க" என்றாள். அடித்தேன். வார்டு முழுக்க இன்னும், இன்னும் என்று கத்தியது. டிரஸர் வந்து என்னை முறைத்தார்.

"டிரஸர் ஐயா, உள்ளே விட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வெளங்காது ஐயா. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து இருக்கு. பேதிக்கும் ஏதோ ஒண்ணு கலக்கிக் குடுக்குறேன். மணல்வாரி உள்ள வந்திருச்சுன்னா எங்கிட்ட என்னா இருக்கு? ஒண்ணும் கெடையாது. இந்தக் கதவு ஒண்ணுதான் இருக்கு."

மணல்வாரி என்றால் உங்களுக்குத் தெரியும். உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி சிவந்துவிடும் அம்மை. தெம்பான பிள்ளைக்கு வந்து போகும். மலேரியாவில் இளைத்த பிள்ளைக்கு வந்தால் மார்ச்சளி கட்டி, மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த மனிதர் பயந்ததில் தப்பே இல்லை. அடுத்த வாரம் பாப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். கமலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்போது மாரியாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி. கமலம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கமலத்தின் புருஷனுக்குச் சோறாக்கிப் போட்டவள் மாரியாயிதான். அந்தச் சமயத்தில் அவள் மகன் முனியனுக்கு மணல்வாரி போட்டுவிட்டது. டிரஸரிடம் சொன்னாளா? சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்? வீட்டுக்கு அம்மா வந்திருக்கும்போது அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது நம்மிடம் வழக்கமில்லையே. வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிக்கவில்லை. மருந்து என்ற பேச்சே இல்லை. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள் — பையன் பிழைத்தால், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே, அவன் கையாலேயே, நோயில் கிடக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பானகம் கொடுக்கிறேன் என்று.

பையன் பிழைத்தான். சிவப்பு மங்கத் தொடங்கியதுமே வேப்பிலை, மஞ்சள் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினாள். அன்றைக்கே பையன் இடுப்பில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, பித்தளைக் குடத்தில் வெல்லம் கரைத்து எடுத்துக்கொண்டு, பையனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். நோயில் கிடக்கிற பிள்ளைகள் வேறு எங்கே இருக்கின்றன?

அன்றைக்கு டிரஸர் மருந்து எடுத்துவர டவுனுக்குப் போயிருந்தார். வார்டில் இருந்தது ஆயா ஒருத்திதான். அவளும் நம்மவள். குடத்தையும் மஞ்சள் துணியையும் பார்த்ததும் கும்பிட்டுக் கதவை விரியத் திறந்துவிட்டாள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது கமலம். அடுத்த தடவை நான் போனபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் சொன்னாள்.

"மச்சான், நீங்க இல்லாம போயிட்டீங்களே! வார்டே கோயில் மாதிரி ஆயிருச்சு. முனியன் கட்டில் கட்டிலா ஏறி உக்காந்து, ஒரே டம்ளர்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் வாயில ஊத்துனான். பாப்பா ரெண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சா. நெத்தியில திருநீறு வேற பூசி விட்டான்."

எனக்குப் பின்னால் டிரஸர் நின்றிருந்தார். அவருக்கும் இது அப்போதுதான் தெரிய வந்தது. சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாப் பிள்ளைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு விடாம, ஐயா" என்றாள் கமலம்.

யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அனுப்பினால் லயம் முழுக்கப் பரவும். பிறகு காத்திருந்தார். காத்திருப்பதைத் தவிர அவர் என்ன செய்வார்? முதலில் இருமல்காரப் பிள்ளைக்குக் கண் சிவந்தது. பிறகு பேதிக்காரப் பிள்ளைக்கு. பின்கட்டிலிருந்த கொட்டகையில் ஓலைத் தடுப்பு வைத்து, சிவந்த பிள்ளைகளை அங்கே மாற்றினார். தாய்மாரும் கூடவே போகலாம், போனவர்கள் வெளியே வரக்கூடாது என்றார். டாக்டர் வந்தார். பார்த்தார். தண்ணீர் கொடுங்கள், ஈரத்தில் போடாதீர்கள், புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் பையிலும் ஒன்றும் இல்லை.

பாப்பாவுக்கும் போட்டுவிட்டது.

கமலம் பயப்படவே இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு ஆறுதல் சொன்னாள்: "அம்மாதான மச்சான் வந்திருக்கா. பானகம் வாங்கிக் குடிச்ச பிள்ளையக் கை விட்டுருவாளா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பாப்பாவின் மூச்சு தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. டிரஸர் நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்தார், நிமிர்த்திப் பிடித்தார், ஸ்பூனால் தண்ணீர் விட்டார். கல்நெஞ்சன் என்று பெயர் வாங்கியவர், பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. இரண்டு நாள் போராடிவிட்டு ஒரு மத்தியானம் பாப்பா போய்விட்டாள். இருமல்காரப் பிள்ளை அதற்கு முன்னாலேயே போயிருந்தது. பிறகும் போயின. எத்தனை என்று இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

பகையால் பரவிய நோயை நான் இதுவரை பார்த்ததில்லை, சார். நம் ஜனங்களிடம் எல்லாம் பாசத்தால் பரவியதுதான். பார்க்காமல் இருந்தால் மனசு கேட்காது. தொட்டுத் தூக்காமல் இருந்தால் அது உறவே இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் போவது மரியாதையில்லை. இதில் எதைத் தப்பு என்று சொல்ல? எல்லாம் நல்ல குணம்தான். நல்ல குணத்துக்கு மருந்து கிடையாது என்பதுதான் வேதனை.

குழியில் மண் தள்ளும்போது கமலத்தைவிட அதிகமாக அழுதவள் மாரியாயி. எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள். பக்கத்தில் முனியன். நன்றாகத் தேறியிருந்தான்.

"தப்பு எம்மேலதான், ஐயா" என்றாள்.

யார் சொன்னது இவளுக்கு?

"அன்னைக்கு வெல்லம் பத்தல. ஏலக்காய் கெடைக்கல. இருந்ததப் போட்டுக் கரைச்சுட்டேன். அம்மாவுக்குக் குறை வச்சுட்டேன், அவ கோவிச்சுக்கிட்டா. இப்ப எல்லாம் வாங்கி வச்சிருக்கேன். மிச்சம் இருக்கிற பிள்ளைங்களுக்காவது சரியா செஞ்சிரணும். அந்த டிரஸர் உள்ள விட மாட்டேங்கிறாரு. நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா."

சொல்லியிருக்கலாம். நீ குறை வைக்கவில்லை அம்மா, பானகத்தோடு நீ கொண்டுவந்தது மணல்வாரி என்று. சொன்னால் அவள் இன்னொரு முறை வரமாட்டாள். அந்த வார்டு தப்பிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவள் எப்படி உயிரோடு இருப்பாள்? பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பாள்?

"அம்மாவுக்குக் கோபம் இல்லை. நேர்த்திக்கடன் தீர்ந்துவிட்டது. இனிமேல் பானகம் கோயிலோடு இருக்கட்டும்" என்றேன். அவள் நம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையனைப் பிடித்துக்கொண்டு போனாள்.

டிரஸர் என்னை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். கதவில் புதுப் பூட்டு. சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். "பூட்டு எத்தனை நாளைக்கு? பக்கத்துத் தோட்டத்துலயும் பிள்ளைங்க இருக்கு, அங்கயும் வேண்டுதல் இருக்கு. நீங்க பத்திரிகையில எழுதுறவரு. எழுதுங்க" என்றார்.

எழுதினால் யார் படிப்பது? தெரியாதா எனக்கு! லயத்தில் பத்திரிகை வந்தால் எழுத்துத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பெண்கள் அரிசி புடைத்தபடி கேட்பார்கள். அம்மை போட்ட பிள்ளையை, தண்ணீர் ஊற்றியாகிவிட்டாலும், நோயில் கிடக்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோகாதீர்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அதைச் சொல்ல இத்தனை பிள்ளைகள் போக வேண்டியிருந்தது.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அதனால் என்ன? எல்லா லயத்திலும் ஒரு மாரியாயி இருக்கிறாள்.

இதை உரக்கப் படித்துக் காட்டும் ஐயா, ஒரு வரி விடாமல் எல்லாருக்கும் படியுங்கள் — உங்கள் லயத்து மாரியாயி வேறெங்காவது வேலையாகப் போயிருக்கும் நேரம் பார்த்து.