பை மட்டும் போன பயணம்

எங்க அப்பாவைக் கேட்காம எங்காத்துப் பூனைகூட வாசப்படி தாண்டாது. ஆள் ஒண்ணும் கோபக்காரர் இல்லை. அடிச்சதில்லை, வைததில்லை. பஞ்சாங்கத்தை மடியில வச்சுண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு மாட்டிண்டு, "அன்னிக்கு வேண்டாமே"ம்பார். அவ்வளவுதான். அந்த 'வேண்டாமே'யில பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷன் ரெண்டு போச்சு, காலேஜ் டூர் ஒண்ணு போச்சு. கல்பாத்தியில பொறந்து இருபத்திரண்டு வயசு வரைக்கும் நான் பார்த்த தூரதேசம் கோயம்புத்தூர். அதுவும் பல்லுப் பிடுங்கிக்கறதுக்கு.

வருஷம் எழுபத்திரண்டோ மூணோ, சரியா ஓர்மையில்லை. பரீட்சை எழுதி முடிச்ச கையோட நாக்பூர்ல குமாஸ்தா உத்தியோகத்துக்கு ஆர்டர் வந்துடுத்து. ஜூன் ஒண்ணாந்தேதி சேரணும். நடுவில இருந்தது மே மாசம் ஒண்ணுதான். அதுக்கப்புறம் ஆபீஸ், லீவு லெட்டர், கல்யாணம், குழந்தைன்னு என் வாழ்க்கை எப்படிப் போகும்னு எனக்கு நன்னாவே தெரியும். அந்த மே மாசத்துக்குள்ள ஒரு தடவையாவது நானா ஒரு மலை ஏறி இறங்கிடணும்னு வெறி.

கூட வர ரெண்டு பேர் இருந்தா. ரெண்டு பேரும் காலேஜ்ல என் பெஞ்சு. ஒருத்தன் வடகரப்பதிக்காரன், தோட்டம் தொரவு உள்ள குடும்பம், கோயம்புத்தூர்ப் பேச்சு. இன்னொருத்தன் சூரியநெல்லி எஸ்டேட் கணக்கப்பிள்ளையோட பையன், வாயைத் திறந்தா திருநெல்வேலி. மறையூர் வரைக்கும் பஸ். அங்கேர்ந்து காந்தளூர், வட்டவடை, டாப் ஸ்டேஷன், மூணாறுன்னு நடந்து, கடைசியில சூரியநெல்லியில அவாத்துல போய் விழறது. பத்து நாள் நடை. எஸ்டேட் கோவில்ல திருவிழாவுக்குள்ள அவன் ஊர் போய்ச் சேரணும். அதனால சனிக்கிழமை கிளம்பினாத்தான் உண்டு.

அப்பாகிட்ட கேட்டேன். பஞ்சாங்கம் வந்தது. கண்ணாடி வந்தது.

"சனிக்கிழமை கிழக்கே சூலம்டா. நீ போறது கிழக்காக்கும்."

எனக்கு அழுகையே வந்துடுத்து. இருபத்திரண்டு வயசுத் தடியன், மீசை வச்சவன், கண்ணுல ஜலம். அப்பா பஞ்சாங்கத்தை இன்னொரு தடவை புரட்டினார். அப்புறம் அவராவே சொன்னார்: "பரஸ்தானம் வச்சுடலாம்."

பரஸ்தானம்னா வேற ஒண்ணுமில்லை. கிளம்பற நாள் சரியில்லேன்னா, அதுக்கு முன்னாடி நல்ல நாள் நல்ல வேளையில நம்ம சாமானை எடுத்துண்டுபோய் வேற ஒரு ஆத்துல வச்சுடறது. சாமான் கிளம்பிட்டா நாம கிளம்பின மாதிரி. அப்புறம் சௌகரியம்போல நாம போய் அதோட சேர்ந்துக்கலாம், சூலம் ஒண்ணும் பண்ணாது. ஆனா அதுக்குச் சட்டம் உண்டு. வெளியில போன சாமான்ல புதுசா ஒண்ணு வைக்கப்படாது, இருக்கறதை எடுக்கப்படாது. பயணம் முடியாம அது திரும்ப ஆத்துக்குள்ள வரவும்படாது. வியாழக்கிழமை காலம்பர ஏழரைக்கு என் பை கிளம்பணும்னு அப்பா குறிச்சுட்டார். வடகரப்பதி கிழக்கேதானே இருக்கு, அந்தப் பையன் ஆத்துலேயே வச்சுட்டா விசேஷம்னு அவருக்கு ஒரே திருப்தி.

பை கோயம்புத்தூர்ல பழைய சாமான் கடையில வாங்கின பட்டாளத்துக் காக்கிப் பை. ரெண்டு தோள்லயும் மாட்டிக்கலாம். அதை ரொப்பறதுக்குள்ள பட்ட பாடு எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். நான் கம்பிளி, கான்வாஸ் ஷூ, டார்ச்சு, பம்ப் அடுப்பு, அலுமினியப் பாத்திரம் ரெண்டு, மூணு பேருக்குமான அரிசின்னு வச்சேன். அம்மா புளிக்காய்ச்சல், நாரத்தங்காய், மோர்மிளகா, அரிசிக் கொண்டாட்ட வடாம், வெளிச்செண்ணைன்னு நாங்க சொல்ற தேங்காயெண்ணை, சுக்குப்பொடின்னு வச்சா. நான் எடுப்பேன், அவ வைப்பா. நான் குளிக்கப் போனா ஒரு டப்பா ஏறியிருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் சூரியநெல்லிக்காரன் வந்து பையைத் தூக்கிப் பார்த்தான். "என்னலே இது, குடும்பமே குடிபோறியளா? மலையில ஏறும்போது உப்புப் பொட்டலமும் பாறாங்கல்லாக் கனக்கும்லே." சொல்லிட்டு அவன் பங்குக்கு நாலு கட்டு புகையிலையைத் திணிச்சான். அட்டைப்பூச்சி கடிச்சா வச்சுத் தேய்க்கவாம். எங்காத்துக்குள்ள புகையிலை வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா முகத்தைத் திருப்பிண்டா.

வியாழக்கிழமை ஏழரைக்கு வடகரப்பதிக்காரன் வந்து நின்னான். அப்பா அவன் முதுகுல தானே பையை மாட்டிவிட்டு, வாசல் வரைக்கும் வந்து, பைக்கு விபூதி இட்டார். எனக்கு இல்லை, பைக்கு. ராத்திரி எங்காத்துத் திண்ணையில படுத்திருந்த சூரியநெல்லிக்காரனும் அவனுமா பஸ்ஸுக்கு நடந்தா. அவா தெருக்கோடி தாண்டினதும் உள்ளேர்ந்து அம்மா, "ஐயோ, குரங்குக் குல்லா!"ன்னு அலறினா. மறந்தே போயிருந்தது. புதுசா வைக்கப்படாதே! அப்பா யோசிச்சு, "தலையில போட்டுண்டு போகட்டும்"னார். பாலக்காட்டு மே மாச வெய்யில்ல குரங்குக் குல்லா!

வெள்ளிக்கிழமை மத்தியானம் உடம்பெல்லாம் வலிச்சுது. சந்தோஷத்துல தூக்கம் இல்லாததாலதான்னு நினைச்சேன். சாயங்காலம் சுரம் அடிச்சுது. முதுகுல ஏதோ நமநமன்னுது. நான் வாயே திறக்கலை. ராத்திரி சாதம் போடும்போது அம்மா என் கழுத்தைப் பார்த்தா. கரண்டியைக் கீழே வச்சுட்டுக் கன்னத்துல போட்டுண்டா.

"அம்மா வந்திருக்கா."

அம்மை. ஒரு மணி நேரத்துல வாசல்ல வேப்பிலை தொங்கித்து. கூடத்து மூலையில வாழையிலைப் படுக்கை. அம்மை இறங்க மூணு தடவை தலைக்கு ஜலம் விடற வரைக்கும் யாரும் வரப்படாது, நான் போகப்படாது. யார்கிட்டே சண்டை போடறது? அப்பா தடுத்தா முறைச்சுக்கலாம். இவ அம்பாள்! அவளைத் திட்டினா இன்னும் ரெண்டு முத்து கூடப் போடுவா. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துண்டு வாயில துண்டைக் கடிச்சுண்டு அழுதேன். வெக்கமெல்லாம் இல்லை.

வடகரப்பதியில போன் ஏது? அவா ரெண்டு பேரும் சனிக்கிழமை பூரா எனக்காகக் காத்துண்டிருப்பா. சனிக்கிழமை காலம்பர கண்ணைத் திறந்தா அப்பாவைக் காணோம். "தயிரை ஒரு வாய் குடிச்சுட்டுப் போயிருக்கார்"னா அம்மா. கிழக்கே சூலத்துக்குத் தயிர் பரிகாரம். அம்மை கண்ட ஆத்துலேர்ந்து, சூலத்து நாள்ல, பரஸ்தானம் ஒண்ணும் இல்லாம எங்க அப்பா கிளம்பிப் போயிருந்தார். வெறும் தயிரை நம்பி.

அங்கே நடந்ததை வடகரப்பதிக்காரன் பின்னால சொன்னான். கொழிஞ்சாம்பாறை வழியா பஸ்ல யார் மேலயும் படாம நின்னுண்டே வந்திருக்கார். அவாத்துக்குக் கிட்டே வரலை. தோட்டத்து வரப்புக்கு அந்தண்டையே நின்னுண்டு குரல் கொடுத்திருக்கார். "ஏனுங்கய்யா, ஊட்டுக்கு வாங்க, ஒரு சொம்பு மோராச்சும் குடிங்க"ன்னு இவன் ஓடியிருக்கான். "வராதே, வராதே, அங்கேயே நில்லு"ன்னு கையைக் காட்டி, விஷயத்தைச் சொல்லியிருக்கார்.

"அப்ப நாங்களும் போகலீங்கய்யா. பையை என்னங்க பண்ணட்டும்?"

அப்பா வரப்புலேர்ந்தே சத்தமாச் சொன்னாராம்: "அது கிளம்பியாச்சுப்பா. இனிமே ஆத்துக்குள்ள வராது. நீங்க போங்கோ, அதையும் அழைச்சுண்டு போங்கோ. அதுவாவது போயிட்டு வரட்டும்." சொல்லிட்டு வேட்டி நுனியால கண்ணைத் துடைச்சுண்டாராம். அதை என்னால நம்பவே முடியலை. அவன் தன் ஆத்தா மேல சத்தியம் பண்ணினான்.

நான் வேப்பிலையால சொறிஞ்சுண்டு படுத்திருந்தேன். இன்னிக்கு மறையூர். இன்னிக்குக் காந்தளூர். இப்போ என் கம்பிளியை யார் போர்த்திண்டிருப்பா? என் புளிக்காய்ச்சலை என்ன பண்ணுவா? ஒரு நாள் மத்தியானம் நன்னா மழை பேஞ்சுது. அங்கே மலையில எப்படிப் பேயறதோன்னு நினைச்சு வயிறு எரிஞ்சுது. உண்மையைச் சொல்லிடறேன், ரெண்டு பேரும் வழியில வழுக்கி விழுந்து திரும்பிடணும்னுகூட வேண்டிண்டேன். அம்பாள் கேட்கலை.

மூணாம் தடவை தலைக்கு ஜலம் விட்டு நாலாம் நாள், வாசல்ல "ஏன்டா மாப்ள"ன்னு குரல். வடகரப்பதிக்காரன். கருத்துப்போய், மூக்குத்தோல் உரிஞ்சு, முதுகுல என் பையோட நிக்கறான். சூரியநெல்லிக்காரன் அவன் ஊர்லயே தங்கிட்டானாம். பையைப் படியில இறக்கினான். அம்மா ஆரத்தித் தட்டோட வந்தா. மகனுக்கு இல்லாட்டா என்ன, பயணம் போயிட்டு வந்த பையாச்சே! ஒரு சுத்து சுத்தினா. ரெண்டாவது சுத்துல மூக்கைச் சுளிச்சா.

"ஈஸ்வரா! என்னடா நாத்தம் இது?"

அவன் பெருமையா வாரைத் தளர்த்தினான். உள்ளே பாதிப் பை பூண்டு. வட்டவடையில அவா தங்கின ஆத்து அம்மாள் குடுத்தாளாம். ரெண்டு பேர்கிட்ட மூணு பேர் சாமான் இருக்கேன்னு கேட்டிருக்கா. நான் அம்மையில கிடக்கறதைச் சொல்லியிருக்கான். "வர முடியாமப் போன பிள்ளைக்குக் குடு, நோவுல எந்திரிச்ச உடம்பு தேறும்"னு அவ கையால அள்ளிப் போட்டாளாம். சொல்லிண்டே வந்தவன் அம்மா முகத்தைப் பார்த்தான். அப்போதான் அவனுக்கு உறைச்சுது. நாக்கைக் கடிச்சுண்டான். எங்காத்துல வெங்காயமே விசேஷ நாள்ல கிடையாது. பூண்டு எந்த நாள்லயும் கிடையாது.

பாவம், அவன் மலையிலேர்ந்து சுமந்துண்டு வந்திருக்கான். முகம் தெரியாத ஒருத்தி எனக்குன்னு குடுத்தது. தூர எறியவும் அம்மாவுக்கு மனசு வரலை, உள்ளே விடவும் வழியில்லை. பூண்டு பால்காரிக்குப் போச்சு. பையை மூணு தடவை துவைச்சும் வாசனை போகலை. கொல்லையில விறகுக் கொட்டில் ஆணியில தொங்கித்து. அதுல என் கான்வாஸ் ஷூ மட்டும் இருந்தது. "எஞ் செருப்பு மறையூர்லயே வாரறுந்து போச்சுடா, உன்றதைத்தான் போட்டு நடந்தேன்"னு வடகரப்பதிக்காரன் அன்னிக்கே சொல்லியிருந்தான். அடி தேஞ்சு ஓட்டையாயிருந்தது. என் கால்ல போட்டுப் பார்த்தேன். அவன் கால் மாதிரி அகண்டு போயிருந்தது.

ஜூன் மாசம் நான் நாக்பூர் போனேன். கிளம்பறதுக்கு முன்னாடி அப்பா கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். "பை இன்னும் உள்ளே வரலை பார்த்தயா? அப்போ உன் பயணம் முடியலைன்னாக்கும் அர்த்தம். அடுத்த வருஷம் போ."

அடுத்த வருஷம் லீவு தரலை. அதுக்கடுத்த வருஷம் வடகரப்பதிக்காரனுக்குக் கல்யாணம். அப்புறம் எனக்கு. சூரியநெல்லிக்காரன்கிட்டேர்ந்து கடுதாசி வரதே நின்னு போச்சு. வடகரப்பதிக்காரன்தான் ஒவ்வொரு தடவையும், "மாப்ள, வர்ற சித்திரைக்குக் கண்டிப்பாப் போறோம்டா, இந்தத் தடவ உன்ற ஷூவ நீயே போட்டுக்க"ன்னு எழுதுவான். வாசனை எப்பவோ போயிடுத்துன்னு அம்மா பையை உள்ளே எடுக்கப் போனா, அப்பா விடறதில்லையாம். "அவன் இன்னும் போகலைடி"ம்பாராம். மழைக்காலத்துல மேலே பழைய சாக்கைப் போட்டு மூடுவாராம்.

ஆறாம் வருஷம் மஞ்சக்காமாலை வந்து வடகரப்பதிக்காரன் போயிட்டான். பத்து நாள் படுத்தானாம். எனக்குச் செய்தி வந்து, லீவு கிடைச்சு, நான் வந்து சேரும்போது காரியமெல்லாம் முடிஞ்சிருந்தது. அவன் ஆத்தா என் கையைப் பிடிச்சுண்டு, "உன்னையக் கூட்டிட்டுப் போகோணும்னு சொல்லிட்டே இருந்தானே சாமி"ன்னு அழுதா. எங்க அப்பா நின்ன வரப்பைப் பார்த்துண்டே பஸ் ஏறினேன்.

ஆத்துக்கு வந்து நேரா கொல்லைக்குப் போனேன். சாக்கை விலக்கிப் பையை ஆணியிலேர்ந்து எடுத்தேன். ஷூ உள்ளேயே இருந்தது. தோள்ல மாட்டிண்டு வந்தா, பின்கட்டு வாசப்படியில அப்பா நின்னுண்டிருந்தார். வழியை மறிச்சுண்டு.

"உள்ளே எடுக்காதேடா. நீ போக வேண்டாமா?"

என் வாழ்நாள்ல அப்பா என்னைப் போகச்சொல்லிக் கெஞ்சினது அப்போதான்.

"யாரோடப்பா போறது?"ன்னேன்.

அப்பா கதவைப் பிடிச்சுண்டு, எனக்கு வழி விட்டார்.