சக்கரவர்த்திக்குக் கொடுக்காத எழுத்து

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆபீசைக் கூட்டிக்கொண்டிருந்தேன்; கூலி மரவள்ளிக்கிழங்கு. அங்கே கணக்கெழுதிய கிராணி எலும்பும் தோலுமாக இருப்பார். ஆனாலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திறக்கமாட்டார்.

ஜெபங்களை ஆங்கிலத்தில் நகலெடுப்பார். கடவுளைச் சுட்டும் 'அவர்' என்ற சொல் வந்தால், பேனா முள்ளைத் துடைத்துவிட்டுப் பெரிய எழுத்தில், கேப்பிட்டலில், தொடங்குவார்.

இதைக் கவனித்த ஜப்பானிய அதிகாரி, ஆங்கில எழுத்தில் எழுதும் தோட்டத்து அறிவிப்பில் தங்கள் சக்கரவர்த்திக்கும் அதே மரியாதை வேண்டும் என்று உத்தரவிட்டான். மறுத்தால் தலை போகும்.

"எழுதிடுங்க லா, ஐயா. ஒரே ஒரு எழுத்துதானே!" என்றேன்.

"அத ஒருத்தருக்குத்தான்பா வெச்சிருக்கேன்."

பிறகு தூரிகையை எடுத்து, அறிவிப்பு முழுவதையும் பெரிய எழுத்திலேயே எழுதி முடித்தார். சக்கரவர்த்தி, மரவள்ளி, கக்கூஸ் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. யாருக்கும் தனி மரியாதை இல்லை.

அதிகாரி தள்ளி நின்று பார்த்தான். "பாகுஸ், பாகுஸ்!" என்று மலாயில் மெச்சி, கிராணிக்கு ஒரு சிகரெட்டும் கொடுத்தான்.

அவன் போனதும், "எனக்குப் பழக்கமில்லப்பா, நீ பிடி" என்று அதை என்னிடம் நீட்டினார்.

அதற்குப் பின் எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். எதிர்த்து நின்று உதை வாங்கியவர்கள் பலர். எதிர்த்து நின்று பாராட்டும் வாங்கிய ஆளை அங்கேதான் பார்த்தேன்.